அரை நைட் முடிஞ்சு சைக்கிள்ல வீட்டுக்கு வர்றேன், பின்னாடி வர்ற வண்டிக்கு நான் தெரிய என்ன பண்ணோணுங்க?

பல்லடம் சைடர் எழுதியது:

வணக்கமுங்க. பல்லடத்துக்குத் தெற்கால ஒரு நூல் மில்லுல சைடரா, அதாவது நூல் நூக்கற மெஷினைப் பாத்துக்கற ஆளா வேலை பாக்கறனுங்க, 11 வருசமாச்சு. வாரம் விட்டு வாரம் அரை நைட் வரும். சாயங்காலம் 4 மணிக்கு உள்ள போனா 12 மணிக்கு வெளிய. மில் பஸ் எங்க ஊர்ப்பக்கம் வர்றதில்லீங்க. அதனால சைக்கிள்தான். மொத்தம் 9 கிலோமீட்டர். அதுல 6 கிலோமீட்டர் உடுமலை ரோடு, மிச்சம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசன வாய்க்கால் ஓரமாப் போற ஊர் ரோடு. வாய்க்கால் ரோட்டுல பயமில்லீங்க, நாய் மட்டுந்தான். அதுகளுக்கு என்னை நல்லாத் தெரியும். மெயின் ரோடுதான் பிரச்சனை.

போன செவ்வாக்கிழமை ராத்திரி 12.20 இருக்கும். வெள்ளைக் கோட்டை ஒட்டி இடது ஓரமாத்தான் போயிட்டிருந்தேன். ஹேண்டில்பார்ல ஒரு டார்ச்சை டியூப் ரப்பர் போட்டுக் கட்டி வெச்சிருக்கறனுங்க, அதுவும் எரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு. எதிர்ல ஒரு டேங்கர் வந்துச்சு. அதே நேரம் பின்னாடி இருந்து வந்த ஒரு லோடு வண்டியோட சைடு மிரர் என் வலது முழங்கையில பட்டுருச்சுங்க. சைக்கிளோட மண்ணுல இறங்கி சீமைக்கருவேல முள்ளுக்குள்ள விழுந்தேன். உள்ளங்கை தோல் போனதும், முதுகுல முள்ளு ஏறினதும் தவிர ஒண்ணும் ஆகலீங்க.

வண்டிக்காரன் நிக்காமப் போயிருந்தா நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆனா அந்தப் பையன் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திட்டு ஓடி வந்தான். 22, 23 வயசு இருக்கும். கை ரெண்டும் வெடவெடன்னு நடுங்குது. "அண்ணா, சத்தியமா நீங்க இருந்ததே எனக்குத் தெரியலீங்ணா"ன்னு மூணு தடவை சொன்னான். குடிச்சிருக்கலை, செல்போனும் கையில இல்லை. என்னைத் தூக்கி உட்கார வெச்சு முள்ளைப் பிடுங்கி விட்டுட்டுத்தான் போனான்.

அன்னைல இருந்து அந்த வார்த்தை மனசை விட்டுப் போகலீங்க. எனக்கு ரோடு பளிச்சுன்னு தெரிஞ்சுதே, அவனுக்கு நான் எப்படித் தெரியாமப் போனேன்? என் மட்காட்டு லொடலொடங்கற சத்தம் வாசல்ல கேட்டாத்தான் எங்க வீட்ல படுப்பாங்க. அன்னைக்கு ஒரு மணி நேரம் லேட்டு. என்ன நடந்துச்சுன்னு இன்னும் முழுசாச் சொல்லலீங்க.

இன்னும் பெரிய டார்ச்சா வாங்கிக் கட்டலாமான்னு யோசிக்கறேன். கையில 1,500 ரூபாய் இருக்கு. தினமும் ராத்திரி ஓட்டறவங்க, வண்டி ஓட்டறவங்க யாராச்சும் சொல்லுங்க.

கோழிவண்டி எழுதியது:

ங்ணா, நல்லவேளை முள்ளோட போச்சு. நான் கறிக்கோழி வண்டி ஓட்டறவன். ராத்திரி 10 மணிக்கு மேல பண்ணையில பொட்டி ஏத்திட்டுக் கிளம்பினா விடியறதுக்குள்ள பாலக்காட்டுல இறக்கோணும். வெயில் ஏறிட்டா கோழி செத்துப் போகும். அதனால எங்க வண்டியெல்லாம் சரியா உங்க ஷிப்ட் முடியற நேரத்துலதான் அந்த ரோட்டுல ஓடும். அந்தப் பையன் இடத்துல நான் இருந்திருக்கலாம். அதனால என் சீட்டுல இருந்து பார்த்தா என்ன தெரியுதுன்னு சொல்றேன், கேளுங்க.

எதிர்ல டேங்கர் வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, விஷயமே அங்கதான் இருக்கு. எதிர் வண்டி லைட்டு கண்ணுல அடிச்சா இடது ஓரம் முழுக்க தார் பூசின மாதிரி ஆயிரும். வண்டி தாண்டிப் போன பிறகும் ரெண்டு மூணு வினாடி அந்த இருட்டு கண்ணை விட்டுப் போகாது. 60ல ஓட்டினா வினாடிக்கு 17 மீட்டர் கிட்டப் போகும் வண்டி. கண்ணு பார்த்து, கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒன்றரை வினாடின்னு வெச்சுக்கங்க, 25 மீட்டர் அதுலயே போச்சு. அதுக்கப்புறந்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்குது. கருநீலச் சட்டை போட்டு முதுகு காட்டிட்டுப் போறவரு டிம் லைட்டுல 30, 40 மீட்டர் கிட்ட வந்தாத்தான் என் கண்ணுல படுவாரு. அந்தத் தூரத்துல என்னால நிறுத்த முடியாதுங்ணா. ஒடிக்கலாம்னா வலது பக்கம் டேங்கர்.

உங்க டார்ச்சோட வெளிச்சம் பின்னாடி வர்ற எனக்குத் தெரியவே தெரியாது. அது ரோட்டுல போடற வட்டத்தையும் என் ஹெட்லைட்டு முழுங்கிரும். நீங்க 5,000 ரூபாய்க்கு டார்ச்சு கட்டினாலும் இதுதான் நிலைமை.

பின்னாடி சிவப்பு லைட்டு கட்டாயம் வேணும். ஆனா ஒத்தைச் சிவப்பு மட்டும் இருந்தாலும் குழப்பந்தான். மேட்டுல ஏறறப்ப தூரத்துல கரண்டு எடுக்கற காத்தாடி உச்சியில எரியற சிவப்பு, முன்னாடி போற டிராக்டர் சிவப்பு, சைக்கிள் சிவப்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பிடிபடாது. அசையாம ஒரு ரிஃப்ளெக்டர் மின்னுச்சுன்னா, ரோட்டோரம் பதிச்ச பூனைக்கண்ணுன்னு நினைச்சுக்கும் மனசு.

பெடல் ரிஃப்ளெக்டர் இருக்கு பாருங்க, மஞ்சக் கலர்ல? அது வேற கதை. ரெண்டு மஞ்சப் பொட்டு மேல கீழ, மேல கீழன்னு மாறி மாறி ஏறி இறங்குனா, யோசிக்கவே வேண்டியதில்லை, அது சைக்கிள், ஒரு ஆளு மிதிக்கறாருன்னு 100 மீட்டருக்கு அப்பாலயே கால் தானா ஆக்ஸிலேட்டர்ல இருந்து எடுத்துரும். 14 வருசமா ராத்திரி ஓட்டறேன், இது மாதிரி எனக்கு உதவி பண்ணின பொருள் வேற இல்லை. பெடல்ல இல்லாட்டி கணுக்கால்ல கட்டுங்க.

இன்னொண்ணு, சைக்கிள் மிதிச்ச காலத்துல எங்க மாமா சொல்லிக் கொடுத்தது. பின்னாடி வண்டி வந்தா உங்க நிழல் முன்னாடி நீளமா விழும். வண்டி உங்களை விட்டு வலது பக்கமா விலகி வருதுன்னா, அது கிட்ட வர வர நிழல் இடது பக்கமாத் திரும்பிட்டே போகும். நிழல் திரும்பாம நேரா முன்னாடியே நின்னுச்சுன்னா, அந்த வண்டி உங்க நேர்லயே வருது. யோசிக்காம மண்ணுல இறங்கிருங்க. எதிர் வண்டியும் பின் வண்டியும் உங்ககிட்ட சேர்ற மாதிரி இருந்தாலும் அப்படித்தான். 10 வினாடி போனாப் போகட்டும்.

கும்பகோணம் சைக்கிள் கடை எழுதியது:

தம்பி, 34 வருஷமா சைக்கிள் கடை வெச்சிருக்கேன். மேலே எழுதின தம்பி சொன்னது அத்தனையும் நிஜம். நான் கடைக்காரனா சில விஷயம் சொல்றேன்.

நான் பையனா இருந்த காலத்துல ராத்திரி விளக்கு இல்லாம சைக்கிள்ல வந்தா போலீஸ்காரர் நிறுத்தி வால்வ் டியூபைப் பிடுங்கிட்டு விட்டுடுவார். தள்ளிக்கிட்டேதான் வீட்டுக்குப் போகணும். இப்ப கேக்கிறதுக்கு ஆள் இல்லை, சைக்கிள்ல விளக்கும் இல்லை. 2020ல மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டருக்குன்னு தரக்கட்டுப்பாட்டு ஆணையே போட்டிருக்கு. புது வண்டியில முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு, பெடல்ல மஞ்சள்னு வருது. வாங்கின வாரமே சத்தம் போடுதுன்னு கழட்டிக் கொடுக்கச் சொல்றாங்க. நான் கழட்ட மாட்டேன், நட்டை முறுக்கித்தான் கொடுப்பேன். வாடிக்கை போனாலும் சரி.

முதல்ல ஒரு கேள்வி. சாப்பாட்டுப் பையை எங்க வெச்சுக்கிட்டுப் போறீங்க? கேரியர்லதானே? என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பியில சிவப்பு லைட்டை மாட்டிட்டு, கேரியர்ல பையைக் கட்டிடறாங்க. லைட் எரியும், யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏன்னா நீங்க முன்னாடி உட்கார்ந்திருக்கீங்க. லைட்டை கேரியர் முடியற பட்டையில மாட்டுங்க, இல்லைன்னா பின் மட்காட் நுனியில ஒரு ஓட்டை போட்டு நட்டு வெச்சு முறுக்குங்க. லுங்கி, துண்டு, மழைக் கோட்டு எது தொங்கினாலும் அதை மறைக்காத இடமாப் பாருங்க. சார்ஜ் போடற லைட்டே 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். ரெண்டா வாங்குங்க. ஒண்ணு அணையாம எரியட்டும், இன்னொண்ணு மினுக்கட்டும். மினுக்கறது கண்ணை இழுக்கும், ஆனா மினுக்கற ஒண்ணை மட்டும் வெச்சுத் தூரத்தைக் கணக்குப் போடறது கஷ்டம். ஒண்ணு திடீர்னு நின்னு போனாலும் இன்னொண்ணு இருக்கும்.

டைனமோ போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. நல்ல பொருள்தான், சார்ஜ் தீர்ந்து போச்சுங்கற பேச்சே இல்லை. 6 வோல்ட், 3 வாட். முன்னாடி 2.4, பின்னாடி 0.6 வாட் பல்பு. ஆனா சக்கரம் நின்னா விளக்கும் நின்னுடும். ரோட்டைக் கடக்க நிக்கிற இடத்துலதான் நமக்கு விளக்கே வேணும். மழையில டயரோட உரசாம வழுக்கும். அதனால பின்னாடிக்கு பேட்டரி லைட்டுதான் என் தீர்ப்பு.

லாரிக்குப் பின்னாடி ஒட்டற டேப் ஆட்டோமொபைல் ஸ்பேர் கடையில மீட்டர் கணக்குல விப்பாங்க. வெள்ளை ஒரு மீட்டர், சிவப்பு ஒரு மீட்டர், மஞ்சள் ஒரு மீட்டர். ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக்குங்க. ஒட்டற இடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு, அப்புறம் சோப்புத் தண்ணியில கழுவி, நல்லாக் காய வெச்சுட்டு ஒட்டணும். எண்ணெய்ப் பசை இருந்தா ஒரு வாரத்துல உரிஞ்சிடும். முன் ஃபோர்க்குல வெள்ளை, பின் ஃபோர்க்குல சிவப்பு, ரிம்முல கம்பிக்கு நடுவில துண்டு துண்டா மஞ்சள். சிவப்பை முன்னாடி ஒட்டிடாதீங்க, எதிர்ல வர்றவனுக்கு நீங்க வர்றீங்களா போறீங்களான்னு தெரியாது. மில்லுல பஞ்சுத் தூசி பறக்கும். தூசி மூடின டேப் செத்த டேப். தினமும் கிளம்பும்போது துணியால ஒரு துடை.

உங்க டார்ச்சையும் விட்டுடாதீங்க, குழியும் வேகத்தடையும் பார்க்க அது வேணும். கோணத்தை மட்டும் சரி பண்ணுங்க. சுவரைப் பார்த்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்க. டார்ச் தரையில இருந்து 1 மீட்டர் உயரத்துல இருந்தா, அதோட நடு வெளிச்சம் சுவர்ல அரை மீட்டர் உயரத்துல விழணும். அப்ப 10 மீட்டர் தூரத்துல ரோட்டைத் தொடும். அதுக்கு மேல தூக்கினா எதிர்ல பைக்ல வர்றவன் கண்ணைக் குத்தும். கண்ணு கூசினவன் உங்க மேலயேதான் வருவான்.

நிலக்கோட்டை மல்லி எழுதியது:

அண்ணே, முதல்ல அக்காகிட்ட நடந்ததை முழுசாச் சொல்லிருங்க. தெரியாம இருக்கறதுதான் அவங்களுக்கு அதிகப் பயம். எங்க வீட்டுக்காரர் ஒருநா இப்படித்தான் மறைச்சாரு.

நான் விடியக்காலம் 4 மணிக்கு மல்லிப்பூக் கூடையோட நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போறவ. கடைக்காரர் ஐயா சொன்ன மாதிரியே எனக்கும் கூடை பின்னாடி லைட்டை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப கூடைக்கு மேல கட்டற சாக்குலயே ஸ்டிக்கர் தைச்சு வெச்சிருக்கேன். அது எங்கிட்டு வந்துச்சுன்னா, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தப்ப போலீஸ்காரங்க வழியில நிறுத்தி எல்லாரு பையிலயும் மின்னுற ஸ்டிக்கர் ஒட்டி விட்டாங்க. ஊருக்கு வந்ததும் அதைப் பத்திரமாப் பிரிச்சு சாக்குல வெச்சுத் தைச்சேன். அதுக்கப்புறம் டேப்பே வாங்கிக்கிட்டேன்.

ரோடு வேலை பார்க்கறவங்க போடற பச்சைச் சட்டையும் வாங்குனேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்கண்ணே, அந்தப் பச்சை பகல்லதான் பளிச்சுன்னு அடிக்கும், சூரிய வெளிச்சம் வேணும் அதுக்கு. ராத்திரி வேலை செய்யறது அதுல தைச்சிருக்கற வெள்ளிப் பட்டை மட்டுந்தான். பட்டை அகலமாப் பார்த்து வாங்குங்க. மார்கழியில குளிருதுன்னு அதுக்கு மேல நான் சால்வையைப் போத்திக்கிட்டுப் போயிருக்கேன், பட்டை பூராவும் உள்ள போயிருச்சு. சால்வை உள்ள, சட்டை வெளிய.

பனி மூடுற நாள்ல ரெண்டு லைட்டு போட்டாலும் வண்டிக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நான் மெயின் ரோட்டை விட்டுட்டு ஊருக்குள்ள சுத்தித்தான் போவேன். பூ விலை கொஞ்சம் இறங்கிப் போனாலும் பரவாயில்லை.

சமன்பாடு எழுதியது:

கோழிவண்டி அண்ணன் சொன்ன பெடல் விஷயத்துக்கு ஆய்வே இருக்கு. பிரிஸ்பேன்ல இருக்கிற குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரங்க வேற வண்டி வராம மூடின சாலையில ராத்திரி ஓட்டுநர்களை வெச்சுச் சோதிச்சு 2012ல வெளியிட்டாங்க. சைக்கிள்காரர் கறுப்பு உடையில இருந்தப்ப 2 சதவீதம்தான் கண்டுபிடிச்சாங்க. ஒளிரும் கலர்ச் சட்டை மட்டும்னா 15, வெள்ளிப் பட்டை வெச்ச சட்டைன்னா 50. அதோட கணுக்கால்லயும் முழங்கால்லயும் பட்டை கட்டினப்ப 90. வயசான ஓட்டுநர்களுக்கு மொத்தத்துல குறைவாத்தான் தெரிஞ்சிருக்கு. பேன்ட்டு மேல கணுக்கால்ல ஒரு பட்டை, முட்டிக்குக் கீழே ஒரு பட்டை கட்டிக்கங்க. செயின்ல பேன்ட் மாட்டறதும் நிக்கும்.

பல்லடம் சைடர் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 10 நாளாச்சு, செஞ்சதைச் சொல்லிடறேன்.

தங்கச்சி, வீட்ல அன்னைக்கே சொல்லிட்டனுங்க. கோவிச்சுக்கலை. எந்திரிச்சுப் போய் கேரியர்ல இருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துப் பார்த்தாங்க. கறுப்புப் பை. ஐயா கேட்டது சரிதானுங்க. சைக்கிள் வாங்கறப்பவே வந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் அந்தப் பைக்குப் பின்னாலதான் இத்தனை வருசமும் இருந்திருக்கு. மேல அரை விரக்கடை பஞ்சுத் தூசி. கையால துடைச்சதும் சிவப்பு வந்துச்சு.

அந்தப் பையன் பார்த்தது என்னன்னு நானும் பார்க்கோணும்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி என் தம்பியை என் மில் சட்டையைப் போட்டுக்கச் சொல்லி, என் சைக்கிள்ல, பழையபடி பையெல்லாம் கட்டி வாய்க்கால் ரோட்டுல மிதிக்க விட்டேன். நான் அவன் பைக்குல பின்னாடி வந்தேன். எங்க வீட்ல வாய்க்கால் மதகு மேல செல்போன் டார்ச்சைப் பிடிச்சிட்டு நின்னாங்க, எதிர் வண்டி மாதிரி. தம்பி முன்னாடிதான் போறான்னு எனக்குத் தெரியும், அப்படியும் தெரியலீங்க. சட்டைக் காலருக்கு மேல கழுத்து ஒரு துண்டு மட்டும் முதல்ல தெரிஞ்சுது. நான் மெதுவாத்தான் வந்தேன், இருந்தாலும் அடி வயிறு கலங்கிப் போச்சு. தம்பியைக் கூப்பிட்டு நிறுத்திட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.

அப்புறம் எல்லாத்தையும் மாட்டிட்டு மறுபடி விட்டோம். மட்காட் நுனியில ஒரு லைட்டு, கேரியர் பட்டையில ஒண்ணு, டேப்பு, வெள்ளிப் பட்டை வெச்ச சட்டை, கணுக்கால் பட்டை. மதகுல இருந்து கிளம்பினவன் வளைவு வரைக்கும் போயிட்டான், காலால அளந்து பார்த்தா 190 தப்படி. அங்க இருந்தும் ரெண்டு காலும் ஏறி இறங்கறது தெரிஞ்சுதுங்க. முகம் தெரியலை, சைக்கிள் தெரியலை, கால் மட்டும் நடக்குது. எங்க வீட்ல "போதும், கூப்பிடுங்க அவனை"ன்னாங்க. மொத்தச் செலவு 1,140 ரூபாய்.

மில்லுல அரை நைட்டுக்கு சைக்கிள்ல வர்றவங்க என்னையும் சேர்த்து 7 பேர் இருக்கோம். மிச்ச டேப்பை டீ டைம்ல மத்தவங்க வண்டிக்கும் ஒட்டியாச்சு. கோழிவண்டி அண்ணா, ராத்திரி 12.15க்கு மேல கணுக்கால் மின்ன வரிசையா யாராச்சும் போனா அது நாங்கதான், ஒரு ஹாரன் அடிச்சுட்டுப் போங்க.

ஐயாகிட்ட ஒரு சந்தேகமுங்க. பெடல்ல ரிஃப்ளெக்டர் உடைஞ்சு போனதால மேல் பக்கம் டேப் ஒட்டினேன், செருப்பு தேய்ச்சு நாலே நாள்ல உரிஞ்சிருச்சு. என்ன பண்ணட்டுங்க?

கும்பகோணம் சைக்கிள் கடை எழுதியது:

தம்பி, மேல ஒட்டக்கூடாது. பெடலோட முன் விளிம்பு, பின் விளிம்பு ரெண்டுலயும் ஒட்டுங்க, செருப்பு அங்க படாது. பெடல் மாட்டியிருக்கிற கிராங்க்கோட வெளிப்பக்கத்துல நீளமா ஒரு துண்டு மஞ்சள். புதுப் பெடலே ஜோடி 100, 150 ரூபாய்தான், ரிஃப்ளெக்டரோட வரும். அடுத்த சம்பளத்துல மாத்திடுங்க. இடது பெடல் மரை தலைகீழா இருக்கும், வலது மாதிரி சுத்தினா மரை போயிடும், பார்த்துக் கழட்டுங்க.

கோழிவண்டி எழுதியது:

நேத்து ராத்திரி அடிச்ச ஹாரன் நான்தானுங்ணா. ஏழு பேரும் தெரிஞ்சீங்க. கடைசியா வர்றவர் பட்டை ஒரு கால்ல நழுவிக் கீழ இறங்கியிருக்கு, சொல்லிருங்க.